அப்பா கடையின் மருந்து வாசம்

அவளுக்கு அலுவலகத்தில் ‘மூக்கி’ என்று பெயர். மூக்கு ஒன்றும் நீளமில்லை, பார்க்கிற வேலைதான் அப்படி. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நஞ்சு இறங்கிய இடங்களில், அது எந்த வழியாக மனிதர் உடம்புக்குள் போகிறது, எவ்வளவு போனால் கெடுதல் என்று கணக்கிடுவாள். குடிக்கிற தண்ணீரில் வரலாம், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் மண்ணில் வரலாம், தரை விரிசல் வழியே ஆவியாகவும் ஏறி வரலாம். அதற்காக வீடு வீடாகப் போய், “எந்த ரூம்ல படுப்பீங்க? எவ்வளவு நேரம் ஜன்னலைச் சாத்தி வைப்பீங்க?” என்று கேட்பாள். திருட வேவு பார்க்கிறாள் என்று ஒரு வீட்டில் நாயையே அவிழ்த்துவிட்டார்கள்.

“ஓடுனது நானு, மூச்சு வாங்குனது நாய்க்கு” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் அப்பா சலவைக்கடைக்காரர். தண்ணீர் படக்கூடாத கோட்டு, கம்பளி, பட்டு எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டு மருந்தில் அலசித் தருவார். மருந்து என்றுதான் சொல்வார். அதன் முழுப்பெயர் அவர் வாயில் நுழையாது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் திரையை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். லேசாக இனிக்கும் அந்த வாசம்! அடடா, அதற்குப் பிறகு எத்தனை வாசனை வந்து போயிற்று, ஒன்றுகூட அதற்கு ஈடாகவில்லை. இஸ்திரி மேசையில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, “என் ராசாத்தி மேல எந்தக் கறையும் ஒட்டாது” என்பார். கடை சாத்தும் நேரத்தில் இயந்திரத்து அடிக்கசடைப் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றுவார். எல்லாக் கடையிலும் அதைத்தான் செய்தார்கள். அது தப்பென்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அப்பா போனபின் கடையை மூடினார்கள். அம்மா மட்டும் இயந்திரம் இருந்த அறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள்.

“உங்கப்பா இன்னும் இங்கதான்டி இருக்காரு. மோந்து பாரு.”

வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்தபோதெல்லாம் மகளும் அங்கேதான் படுத்தாள், அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். ஊரார் வீட்டுத் தரையை எல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு, அந்தத் தரைமேல் மட்டும் துளி சந்தேகம் வரவில்லை. பாசம் மூக்கை அடைத்துவிட்டது, வேறென்ன!

பிறகு அவள் அலுவலகத்தார் அந்தத் தெருவின் நிலத்தடி நீரைச் சோதித்தார்கள். சலவை மருந்து கலந்திருந்தது. ஒவ்வோர் இடமாகத் துளையிட்டுப் பார்த்துக்கொண்டே வந்ததில், அது அவர்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து நின்றது. அம்மாவின் கட்டிலடியில் காற்றுப் பிடிக்கும் எஃகுக் கலத்தை அவளே வைத்தாள். சோதனை முடிவு வந்தது. மனிதர் சுவாசிக்கலாம் என்று வைத்திருக்கும் அளவைவிட அறைக் காற்றில் மருந்தின் ஆவி பல மடங்கு அதிகம்.

“அப்போ உங்கப்பா விஷம் வச்சாருன்னு எழுதப் போறியா?” என்றாள் அம்மா.

“அவருக்குத் தெரியாதும்மா. ஆனா நீ இங்க படுக்கக் கூடாது.”

“இத்தனை வருசமாப் படுக்கறேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“ஈரல் கெட்டுட்டு வருதுன்னு போன மாசம்தானே டாக்டர் சொன்னாரு? அப்பா போனதையே என்னால தாங்க முடியல. நீயும் போயிட்டா நான் யாருகிட்டம்மா வருவேன்?”

அம்மா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். “என்னமோ பண்ணித் தொலை” என்றாள்.

தரையைத் துளைத்துக் குழாய் இறக்கினார்கள். அடியில் தேங்கும் ஆவியை இழுத்து மொட்டைமாடிக்கு மேலே தள்ள ஒரு விசிறி பொருத்தி, விரிசல்களைப் பூசி அடைத்தார்கள். சில நாளில் அந்த அறையில் எந்த வாசமும் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டதற்கெல்லாம் ‘ம்’ கொட்டினாள்.

ஒரு சாயங்காலம் அம்மாவை வீட்டில் காணோம். மகள் தேடிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அங்கே, குழாயின் வாய்க்கு நேரே, குதிகாலை எக்கி நின்றுகொண்டிருந்தாள் அம்மா.

“இங்க வந்துட்டாருடி” என்றாள்.

மகள் கத்தத்தான் வாயெடுத்தாள். ஆனால், ஊருக்கெல்லாம் இதைச் சுவாசிக்காதே என்று சொன்னவள், பக்கத்தில் போய் நின்று, நெஞ்சு நிறைய ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். கண் பொங்கிக்கொண்டு வந்தது.

“போதும்மா, வா” என்று கையைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் காலை, யார் மூக்குக்கும் எட்டாதபடி குழாயை உயர்த்த ஆள் வந்தான். அவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டது அம்மாதான்.