வேலி மூலையின் மண்

நியாலாஸ் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தின்போது, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் புதரில் ஒளிந்து வந்துவிடக்கூடாது என்று வேலியோரம் முழுக்கப் புல் மருந்து அடித்தார்கள். அடித்தவர் என் அப்பாதான். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு சுற்று வந்தால் புல்லெல்லாம் கருகிவிடும். பிறகு மருந்தடிப்பதை நிறுத்தியும் புல் முளைக்கவில்லை.

வேலியின் தாழ்ந்த மூலை இன்னும் மோசம். மழைத்தண்ணீர் சரிந்து வந்து அங்கேதான் தேங்கும். வற்றியதும் மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். எறும்புகூட அங்கே ஊராது. அடுத்த வீட்டு ஆடுகள் இரண்டு அங்கே போய்வந்து செத்ததும், அது முனி நடக்கிற தடம் என்று லயத்தில் முடிவுகட்டிவிட்டார்கள். நடப்பதற்கு முனிக்கு வேறு நல்ல இடமா கிடைக்கவில்லை என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

எங்கள் கறுப்புப் பசுவுக்கு மட்டும் அந்த மூலைமேல் கொள்ளை ஆசை. கயிற்றை அவிழ்த்தால் நேரே போய் மண்ணை நக்கும். சாயங்காலம் வேலி கேட்டைச் சாத்தி லயம் அடங்கியதும், அந்த நாக்கு தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. கைக்குழந்தையான தம்பி அந்தப் பசுவின் பாலில்தான் வளர்ந்தான். அதனால் பசு கழிந்து, தள்ளாடி, கீழே விழுந்தபோது அம்மா பதறிப்போனாள்.

“ஏங்க, நீங்க அடிச்ச மருந்தா இருக்குமோ?”

“எந்தக் காலத்து மருந்துலா அது! பேஞ்ச மழையில எல்லாம் போயிருச்சு,” என்றார் அப்பா.

மருந்து இல்லையென்றால் முனிதான். அம்மா தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு போய் அந்த மூலையில் கற்பூரம் ஏற்றினாள். ஒரு பிடி மண்ணை அள்ளிவந்து, முனி கொடுத்த திருநீறென்று பசுவின் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்தாள். எழுந்திருக்க முடியாத பசு அதை ஆசையாகக் குடித்தது. விடிவதற்குள் செத்துப்போனது.

அந்த மருந்து பாஷாணம். இலைதழைபோல மக்கிப்போகிற சாமான் இல்லை. மழை அதைக் கரைத்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறக்கும். வெயில் காய்ந்தால் ஈரத்தோடு மேலே ஏறி மண்ணில் பூக்கும். உப்புக் கரிப்பதால் மாடுகள் தேடிப்போய் நக்கும். மழையில் போய்விட்டது என்று அப்பா சொன்னதில் பொய்யே இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்து, படித்துத் தெரிந்துகொண்டவை.

பசுவைப் புதைத்த அன்று அம்மா எங்களை அந்த மூலைக்கு அழைத்துப்போனாள்.

“எம்புள்ளய விட்டுட்டு மாட்ட எடுத்துக்கிட்டியே, சாமி,” என்று விழுந்து கும்பிட்டாள்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அம்மா ஒரு சிட்டிகை மண்ணெடுத்துத் தம்பியின் நெற்றியில் இட்டு, விரல்நுனியில் ஒட்டியிருந்ததை அவன் நாக்கில் தடவினாள். தம்பி சப்புக்கொட்டினான். இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தான். பசு விழுந்த நாளிலிருந்து சிரிக்காத அம்மா அப்போதுதான் சிரித்தாள். நானும் சந்தோஷமாகக் கைகொட்டிச் சிரித்தேன்.