ராட்டினத்தில் ஏறிய பெண்கள்

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்துப் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் பட்டணத்துக் களியாட்ட விழா என்று படத்தின் கீழே எழுதியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். ராட்டினத்தில் இளம் பெண்கள் பாவாடை பறக்க, வாய்விட்டுச் சிரித்தபடி சுற்றினார்கள்.

யாழ்ப்பாணத்துக்குக் கார்னிவல் வந்த வருடம் அக்கா பெரியபிள்ளை ஆகியிருந்தாள். கடலை வறுபடும் மணத்துக்கும் ஒலிபெருக்கி இரைச்சலுக்கும் நடுவே அவள் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒருக்கா ஏறட்டே?"

அம்மா வழக்கம்போல அவளுடைய சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். "குமர்ப்பிள்ளை அந்தரத்தில தொங்கிறதே? ஊர் சிரிக்கும். தம்பி ஏறட்டும்."

நான் ஏறினேன். அக்கா என் செருப்பைப் பிடித்தபடி கீழே நின்றாள்.

"மேலை என்னடா தெரிஞ்சது?"

"கடல்."

"கலியாணம் முடிச்சாப் பிறகு ஏறுவன். அப்ப ஆர் மறிக்கிறது?"

அதன்பிறகு கார்னிவல் வரவில்லை. இடம்பெயர்ந்து போன வழியில் ஷெல் விழுந்து அக்கா செத்துப்போனாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

"என்னப்பா, அந்தப் படத்தில அப்பிடி என்ன இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையள் ஏறியிருக்கினம்."