புதன்கிழமை பிரேக்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பினார். வந்த மனுஷன் வீட்டுக்கு ஓடு மாற்றுவார், கிணற்றைத் தூர் வாருவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த பட்டாள ஏலத்துக்குப் போய் ஒரு பழைய மிலிட்டரி லாரியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சந்துக்குள் அது நுழைந்தபோது கோழியெல்லாம் கூரை ஏறிக்கொண்டது. பச்சையா மண்ணா என்று சொல்ல முடியாத நிறம். கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கைக்கு மேலே கூரையில் வட்டமாக ஓர் ஓட்டை. சிப்பாய் அதில் தலையை நீட்டி ஆகாயத்தைப் பார்ப்பானாம்.

"என்னங்க இது?"

"லாரி."

"அது தெரியுதுங்க. எதுக்குன்னு கேக்கறேன்."

"பொழைக்கறதுக்குத்தான் புள்ள."

அன்று சோற்றைப் போட்டேனே தவிர பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து நானேதான் ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்துப் போய்க் கூரை ஓட்டையில் கவிழ்த்தேன். மழை வந்தால் நனையப்போவது யார்?

இதெல்லாம் எழுபதுகளின் நடுவில். எங்கள் சமவெளியில் அந்த லாரிக்கு வேலை இல்லை. மறையூரில் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு, மலைக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்குச் சரக்கு ஏற்றிப் போக ஒரு வண்டி வேண்டும், மேட்டில் நாலு சக்கரமும் இழுத்தால் தேவலை என்று அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் சொல்லியனுப்பினார். அந்தச் சித்திரையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மறையூருக்குக் குடி போனோம். கரும்புக்காட்டு ஓரத்தில் ஒரு வாடகை வீடு. வாசலில் லாரி. வீட்டைவிட லாரி பெரிசு.

பட்டாளத்தில் வண்டிக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். காலையில் எடுக்குமுன் வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பரேடு என்று பெயர். அதுபோக, வாரத்தில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வேலை. திங்கள் டயர், செவ்வாய் பேட்டரி, புதன் பிரேக், வியாழன் கிரீஸ் என்று போகும். அவர் அதை ஒரு நாளும் விட்டதில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை விரதம் மறந்து போகும், அவருக்கு வியாழக்கிழமை கிரீஸ் மறக்காது. அந்த லாரிக்கு உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காது. பழைய டியூபை வெட்டி வாஷர், அட்டையை வெட்டி கேஸ்கட், தகரத்தைத் தட்டி மூடி. எல்லாம் என் அடுப்படித் தரையில்தான் தயாராயிற்று. என் அரிவாள்மனை மொண்ணையானது அப்படித்தான்.

வேறு ஆள் இல்லாததால் நானும் வேலைக்காரியானேன். பிரேக்குக் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அதை ஒருத்தராக எடுக்க முடியாது. ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் அடியில் படுத்துச் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதி" என்பார். மிதிப்பேன். "புடி" என்பார். பிடித்துக்கொண்டிருப்பேன். எண்ணெய் பிசுக்கென்று பீய்ச்சும். "உடு" என்பார். நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வடக்கே எங்கேயோ இருந்தார், நான் ஊரில் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் என்று சொன்னால் அதுதான். அப்போது இதைச் சொல்லியிருந்தால் வெட்கம் கெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

பிரேக்குக்கு ஊற்றும் எண்ணெய் டின்னில் வரும், ஆனால் அதற்கு மலை இறங்கி டவுனுக்குப் போக வேண்டும். அவர் பட்டாளத்தில் பழைய ஆட்களிடம் கற்றபடி விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஒரு மருந்துப் பாட்டிலில் வைத்திருப்பார். மார்கழி பிறந்த சமயம், ஒரு புதன்கிழமை. மறுநாள் விடிகாலையில் சின்னக்கானல் எஸ்டேட்டுக்கு லோடு. அங்கே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட வெல்லம் கேட்டிருந்தார்கள். அவர் வெல்ல ஆலையில் மூட்டை கட்டுவதைப் பார்க்கக் கிளம்பும்போது, "பிரேக் எண்ணெய் கொறஞ்சிருந்தா ஊத்தி உடு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் திறந்து பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. மருந்துப் பாட்டிலில் அடிக்கசடு மட்டும். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் அவரோடு ஒரு சண்டை, என் புதுத் துண்டை எடுத்து இன்ஜின் துடைத்ததற்காக. கேட்பதற்கு மனசு வரவில்லை. அடுப்படியில் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் இருந்தது. எங்கள் மரத்துத் தேங்காய், செக்கில் ஆட்டியது. தலைக்கு அதுதான், சுட்டுக்கொண்டால் அதுதான், கதவுக் கீலுக்கு அதுதான், என் தையல் மிஷினுக்குப் பத்து வருஷமாக அதுதான். நாற்றமடிக்கிற விளக்கெண்ணெயையே குடிக்கிற லாரி இதைக் குடிக்காதா? நல்ல பண்டத்தைக் கொடுக்கிறோம் என்ற பெருமையோடு ஒரு டம்ளர் ஊற்றி மூடினேன்.

விடிகாலையில் அவர் பரேடு சுற்றினார். டார்ச் வெளிச்சம் வாசலில் நகர்வது தெரிந்தது.

"பிரேக்குக்கு ஊத்தீட்டியா?"

"ஊத்தீட்டனுங்க" என்றேன் கம்பளிக்குள்ளிருந்து. லாரி உறுமிக்கொண்டு போயிற்று.

வெயில் வந்தபிறகு எழுந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தேன். வரவில்லை. தட்டினேன். வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகாய் உறைந்து கிடந்தது.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும் என்று தெரியாதவளா நான்? எங்கள் ஊரிலேயே சில விடியலில் உறையும், வெயிலில் வைத்து இளக்குவோம். ஆனால் நேற்று மத்தியானம் அது தண்ணீராய் ஓடியது, நானும் ஊற்றினேன். இங்கேயே இப்படி உறைந்தால் மூணாற்றுக்கு மேலே, தேவிகுளம் தாண்டி, சின்னக்கானல் போகிற அந்தப் பாறை இறக்கத்தில் என்ன ஆகும்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாத ரோடு அது. கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்தது. உடைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

வெல்ல ஆலைக்கு ஓடினேன். கொப்பரையில் சாறு பொங்கும்போது நுரை அடங்க அவர்கள் விளக்கெண்ணெய் விடுவார்கள். அவர்களிடம் ஒரு சொம்பு நிறைய வாங்கினேன். என்ன ஏது என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்றால், வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். ஈரத் தலையோடு மூணாறு பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்த பஸ் பயணத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் எட்டிக் கீழே பார்த்தேன். தேயிலைச் சரிவு முழுக்கப் பச்சை. அதில் ஒரு பச்சை லாரி கவிழ்ந்து கிடந்தால் எப்படித் தெரியும்? சிவப்பு பெயிண்ட் அடியுங்கள் என்று நான் சொன்னபோது இந்த மனுஷன் கேட்டாரா என்று அவர்மேலேயே கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பழநிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். முடி இருந்தால்தானே எண்ணெய். அந்த வேண்டுதலைத் தைப்பூசத்தில் நிறைவேற்றியும் விட்டேன்.

கண்டக்டர் வந்து, "என்ன சேச்சி, வீட்டில ஆருக்காச்சும் சுகமில்லையா?" என்றார்.

"லாரிக்குங்க" என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூணாற்றுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்போது பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு மெதுவாயிற்று. ஏற்றத்தில், வளைவில், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு எங்கள் லாரி நின்றது. சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்திருந்தது. நாலு சக்கரத்திலிருந்தும் கருகல் வாடை. அவர் படியில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கிற பெண்கள் யாரோ கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றுதான் இறங்கினேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏனுங்க, இப்படியா நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி வெப்பாங்க? அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வந்துட்டியா புள்ள. பெடல் மிதிக்க ஆளில்லாம உக்காந்திருக்கறேன்" என்றார், நான் வருவதாக முன்பே பேசி வைத்திருந்தமாதிரி.

பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினார். நுனியில் வெள்ளையாய் ஒரு துளி.

"இதென்ன?"

"தேங்காண்ணெய்ங்க."

"நம்மூட்டு எண்ணெயா?"

"ஆமாங்க. நல்ல எண்ணெய்ங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திட்டுங்க" என்றேன். "ரெண்டு அடி வேணாலும் போடுங்க." அவர் திட்டவில்லை. என்ன நடந்தது என்று விளக்கினார். உறைந்த எண்ணெய் உள்ளே ஒரு சின்ன ஓட்டையை அடைத்துவிட்டது. மிதித்த பிரேக், காலை எடுத்தபிறகும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, சூடேறி, கடைசியில் நாலு சக்கரத்தையும் கவ்விக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டது.

"ஏத்தத்துல புடிச்சு நின்னுக்கிச்சு. எறக்கத்துல இந்தச் சூடு ஏறியிருந்தா எண்ணெய் கொதிச்சுப் போயிருக்கும், அப்புறம் மிதிச்சாலும் புடிச்சிருக்காது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். பட்டாளத்தில் பனிமலையில் ஓட்டிய கதையெல்லாம் என்னிடம் அளந்தவர் அவர்.

பிறகு வேலையில் இறங்கினோம். பழைய எண்ணெயை முழுக்க வடித்தார். ஸ்பிரிட்டை விட்டு இரண்டு தரம் கழுவினார். நான் கொண்டுபோன விளக்கெண்ணெயில் மீதி ஸ்பிரிட்டைக் கலந்தோம். அவர் ரோட்டில் சாக்கை விரித்து அடியில் புகுந்தார், நான் மேலே ஏறினேன். மிதி, புடி, உடு. என் அவசரத்தில் இரண்டு தடவை முந்தி விட்டுவிட்டேன், காற்றுப் புகுந்து மறுபடி முதலிலிருந்து. அவர் அடியிலிருந்து, "மெதுவா புள்ள, வெல்லம் எங்கயும் ஓடிப் போகாது" என்றார். கடைசியில் பெடல் கல்லாய் நின்றது.

எண்ணெயை நிரப்பி மூடியைப் போடும்போது, "நீங்க ஒருக்கா தெறந்து பாருங்க" என்றேன்.

"நீ பாத்தீல்ல?"

"பாத்தனுங்க. நீங்களும் பாருங்க. காலைலயும் நீங்க பாக்கல."

"நீ ஊத்தீட்டேன்னு சொன்னே. அப்புறம் எதுக்குப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றார். முடியாது என்று சொல்லி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். போனால் இரண்டு பேரும் போவோம் என்றே நினைத்தேன். இதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. மூணாறு தாண்டியது. தேவிகுளம் தாண்டியது. பாறை இறக்கம் வந்தது. என் பக்கம்தான் பள்ளம். கண்ணாடி இல்லாத கதவுவழியே குளிர்காற்று முகத்தில் அறைந்தது. கியரைக் குறைத்து, மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போனவர், முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து லாரி நின்றது.

கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினார். முன்னால் ஆள் இல்லை, மாடு இல்லை. நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி, நேர் ரோட்டில், மறுபடி.

"எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"சும்மா."

பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. ஒதுங்கி அதற்கு வழிவிட்டு, பத்தடி போய்த் திரும்பவும் நிறுத்தினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். நின்றது. அந்த இறக்கம் முழுக்க அப்படியே நிறுத்தி நிறுத்தித்தான் சின்னக்கானல் போய்ச் சேர்ந்தோம்.