ஒட்டிய இடத்தில் ஒரு வெடிப்பு

எங்கள் தொழிலில் இரும்பைச் சூடாக்குவது சுலபம், அதை ஆறவிடுவதுதான் பெரும்பாடு. அலவத்துகொடயில் இருபது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தடித்த இரும்பை முதலில் சூடாக்கி, ஒட்டி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தவறினால் ஒட்டு வெடிக்கும். மலைப்பாதையில் அது ஓர் ஆளின் உயிர். இதை விளக்கி விளக்கித் தொண்டை வற்றிய சக பட்டறைக்காரர்களே, கேளுங்கள்.

ஒரு வாளி உதவி

வத்தேகமயிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி லொறியின் உடைந்த வில்லுத் தாங்கியைக் கொண்டுவந்தார். ஒட்டிச் சாம்பலில் புதைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பட்டறை முழுக்க ஆவி. மனிதர் தாங்கியைக் குறட்டால் வெளியே இழுத்து, ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்திருந்தார். ஒட்டு நெடுகப் பிளந்திருந்தது. அவரோ நான் நன்றி சொல்வேன் என்று நின்றார்.

“இது ஆற அந்தி ஆயிரும்ல, அதான் ஒங்க வேலைய கொறச்சிட்டேன்.”

மின்னடுப்பில் மீன்கறி

கண்டி மழைக்கு வெல்டிங் குச்சியும் நமத்துப்போகும். ஈரக் குச்சியால் ஒட்டினாலும் வெடிப்புத்தான். அதனால் குச்சி காயவைக்கவென்றே பெட்டி போன்ற ஒரு மின்னடுப்பு வாங்கினேன். ஒருநாள் அதன் கதவைத் திறந்தால் மீன் வாசம். குச்சிகளுக்கு நடுவே, என்னுடன் வேலை செய்யும் ரிஸ்வானின் சோற்றுப் பெட்டி, மூடி திறந்தபடி. ஒரு வாரமாக இப்படியாம்; கறியின் ஆவியெல்லாம் குச்சியில். அந்த வாரம் ஒட்டிக் கொடுத்ததையெல்லாம் திரும்ப வரவழைத்துச் சோதித்து முடிக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் ரிஸ்வானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அடுப்பு சும்மாதானே எரியிது நானா, சோத்த வெச்சா என்ன கொறயப்போகுது?”

வெள்ளிக்கிழமை ஒட்டு

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ட்ராக்டர் சாரதி முருகேசு, ட்ரெய்லரின் உடைந்த இழுவைக் கொக்கியோடு வந்தார். ஜும்ஆத் தொழுகைக்கு நேரம் நெருங்கியதால் அரைகுறையாகச் சூடாக்கி, ஒட்டிவிட்டு ஓடினேன். பார்க்க அழகாகவே இருந்தது. தோட்டத்து யாழ்ப்பாண இன்ஜினியர் தொலைபேசியில், “வெடிப்புப் பிந்தித்தான் தெரியும், ரெண்டு நாள் வச்சுப் பாத்திட்டுத் தாங்கோ” என்றார். கொக்கியை எரிச்சலோடுதான் வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை, முருகேசுவின் முன்னாலேயே, வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் தடவிச் சோதித்தேன். ஒட்டின் கரையோரம், முழு நீளத்துக்கும், மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. முருகேசு திட்டவில்லை. கோட்டை விரலால் தடவியபடி மெதுவாகச் சொன்னார்.

“இந்த ட்ரெய்லர்ல கொழுந்தோட எம் பொஞ்சாதியும்தானே ஏறி வருவா.”

இத்தனை காலம் மற்றவர்களைப் பார்த்து அதிர்ந்துபோன நான், அன்று அதிர்ந்தது என்னைப் பார்த்து.