சேலை மறைப்புக்குள் ஒரு தவக்காலம்

திருநீற்றுப் புதனன்று ஃபாதர் என் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, "தவக்காலம் முடியுறதுக்குள்ள கொஞ்ச நேரமாவது தனியா இருந்து மனசப் பாருங்கம்மா" என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் அவர் அதைச் சொன்ன இடம் தேயிலை ஸ்டோரின் மேல்மாடி. போன கார்த்திகை மழையில் மலை சரிந்து நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் பாதியை மூடிய பிறகு, கொழுந்து வாட்டுகிற அந்த மாடியில்தான் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையைக் கட்டி மறைத்திருந்தோம். ஒருவர் புரண்டு படுத்தால் அடுத்தவருக்குத் தெரியும்.

எனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் செபம் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான். மனதுக்குள் படிக்கிற பழக்கம் இல்லை. அங்கே வாயைத் திறந்தால், "பாவம், புருஷன நெனச்சுப் பொலம்புது" என்று சேலைக்கு அந்தப் பக்கம் யாராவது உச்சுக்கொட்டுவார்கள். என்னைப் பாவம் என்று சொல்ல நான் யாரையும் விட்டதில்லை.

என் புருஷன் அந்த மண்ணுக்குள்தான் இருந்தார். மாட்டை அவிழ்த்துவிடப் போனவர். பட்டாளத்துக்காரர்கள் மெஷின் கொண்டுவந்து தோண்டினார்கள். மாடு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

அவர் இந்து, நான் வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில்வரை என்னைக் கூட்டிவருவார். பூசை முடியும்வரை வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய கருமாதியைச் செய்துவிட வேண்டும் என்று கொழுந்தன் மாடிக்கு வந்து வந்து கேட்டார்.

"ஒடம்பே இல்லாம யாருக்குக் கருமாதி?" என்பேன்.

"அண்ணன் அங்க பசியோட கெடக்குறாரு அண்ணி."

"பசிச்சா சும்மா கெடக்குற ஆளா அவரு? எந்திரிச்சு வந்து கேப்பாரு."

சேலைக்குப் பின்னால் மருமகள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பழைய லயத்துக்கு நடந்தேன். பாதையில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற சிங்கள ஆள், "ஆச்சி, யண்ட எபா" என்று கையை விரித்து மறித்தார். "மகே கெதர" என்றேன். என் வீடு என்ற பிறகு அவர் என்ன சொல்வார்? சீக்கிரம் வரச்சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண் மூடாத பாதியில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா நின்றுகொண்டுதான் இருந்தது. சுவரில் கை நுழைகிற வெடிப்பு. அடுப்பின் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கோழிச் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை, பிள்ளைகளைத் திட்டுகிற வாய் ஒன்றுகூட இல்லை. நான் தேடிய அமைதி அங்கே இருந்தது. நல்ல அமைதி என்று சொல்லமாட்டேன்.

செபம் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் அவரிடமே பேசினேன். "நீங்க செத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும்." அந்தச் சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. அது வந்ததும் மற்றதும் வந்தது. "காரியம் செஞ்சா தாலியக் கழட்டணும். இந்தத் தோட்டத்துல பொண்ணு சமைஞ்சா மொதல்ல என்னத்தான் கூப்புடுவாங்க. இனி ஓரமா நிக்கச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் ஒங்கள அங்கயே போட்டு வச்சிருக்கேன்."

மேலே எங்கேயோ ஒரு கல் உருண்டு நின்றது. இனி ஆண்டவர் சொல்ல என்ன இருக்கிறது, நானே சொல்லிவிட்டேனே. எழுந்து வந்துவிட்டேன்.

"ஒங்களையும் மண்ணத் தோண்டித் தேடணுமா மாமி?" என்று மாடியில் மருமகள் கத்தினாள். நான் கொழுந்தனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்ததும் சொன்னேன்.

"கருமாதியச் செய்ங்க தம்பி."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒங்க தவக்காலம் முடியட்டும் அண்ணி. படையலுக்குக் கறி ஆக்கணுமே" என்றார்.

"இந்த வாரமே செய்ங்க. நானே ஆக்குறேன்." தள்ளிப்போட்டால் என் மனம் மாறிவிடும். அது எனக்குத் தெரியும்.

கோழிக்கறியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினேன். படைக்கும்வரை ருசி பார்க்கக்கூடாது என்பது அவர்கள் முறை. தவக்காலத்தில் இறைச்சியைத் தொடாமல் சுத்தபோசனம் இருப்பது என் முறை. அதனால் கை அளவை நம்பி உப்புப் போட்டேன். கொழும்பில் வேலை செய்கிற மகன் வந்து சேர்ந்தான். சரிவுக்குக் கீழே, நாடாவுக்கு இந்தப் பக்கம் வாழை இலை விரித்துப் படைத்தார்கள். தாலியைக் கழற்ற ரெண்டு கிழவிகள் என்னை நெருங்கினார்கள். தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே கழற்றி மகன் கையில் கொடுத்தேன். கழுத்து இலேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் சோறும் கீரையும் தின்றேன். அதற்குள் தூறல் போட்டது. தூறல் விழுந்தால் நாங்கள் இப்போது குடையைத் தேடுவதில்லை, மலையைத்தான் பார்க்கிறோம். எல்லாரும் தட்டோடு எழுந்து நின்று மேலே பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். அவர் எழுந்து வருவார் என்று பார்க்கவில்லை, அவர் கிடக்கிற இடம் அது.