வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

எங்கள் வகுப்பில் வலிகூட மரியாதையோடுதான் வரும். "டூ யூ ஹேவ் எனி பெயின்?" என்று நான் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் கட்டிலில் படுத்திருக்கும் தோழியிடம் குனிந்து, "பெயினுங்களா மேடம்?" என்பார்கள். படுத்திருப்பவளும் விடமாட்டாள், "ஆமாங்க, லெஃப்ட் சைடுங்க" என்பாள். இந்த 'ங்க'வை ஒட்டாமல் இவர்களால் ஓர் ஊசிகூடப் போட முடியாது. நாமக்கல்லில், லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில், நர்சிங் உதவியாளர் படிப்புக்கு வரும் பெண்களுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கீழே கடையில் லாரி ஆரன் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

ஊரில் இருக்கிறவர்களே, டொரோண்டோவிலும் பாரிஸிலும் குளிரில் விறைக்கிற என் சொந்தங்களே, நீங்கள் எல்லோரும் வெளிநாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு வாய்த்த வெளிநாடு நாமக்கல். ஆறு வயதில், சண்டைக்குப் பயந்து, அம்மாவின் கையைப் பிடித்து இலங்கையிலிருந்து படகேறி வந்தவள். இங்கே பனி இல்லை, கடலும் இல்லை, கோழிப்பண்ணைதான். முட்டைக்கு மட்டும் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில், டீச்சரோடு பேசினேன் என்பதை "டீச்சரோடை கதைச்சனான்" என்று சொன்னால், "என்ன கதை சொன்னே?" என்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். இப்போது இந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆனாலும் அவசரத்தில் ஆமாம் என்பதற்கு வாயில் "ஓம்" வந்துவிட்டால் பின்வரிசை இன்னும் சிரிக்கும்.

மோகனப்பிரியா எருமப்பட்டிக்காரி. அவளுடைய அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் வருகிறவர். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு அவளுக்கு நேர்காணல் வந்திருந்தது. பயிற்சியில் நான்தான் நோயாளி. போர்வையைச் சரிசெய்தாள், தண்ணீர் கொடுத்தாள், "ஐ வில் கம் மேடம்" என்று கிளம்பினாள். அப்படிச் சொன்னால் அங்கே அந்தக் கிழவி நீ வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள், "ஐ ஆம் லீவிங் நவ்" என்று சொல்லிவிட்டுப் போ என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "படுத்திருக்கறவங்ககிட்டப் போறேன்னு எப்படிங்க மிஸ் சொல்றது? எங்கூட்டுல யாரும் சொல்லமாட்டாங்க."

எங்கள் வீட்டிலும்தான் சொல்லமாட்டோம். படகுக்குப் புறப்பட்ட அன்று அப்பா படலைக் கதவைப் பிடித்தபடி வாசலில் நின்றார். வீட்டையும் மாட்டையும் பார்க்க ஆள் வேணும் என்று அவர் வரவில்லை. அம்மா எங்கள் ஊர்ப் பேச்சில், போய் வருகிறோம் என்று, "போட்டு வாறம்" என்றா. நானும் "வாறன் அப்பா" என்றேன். அம்மா இங்கே அகதி முகாமிலேயே கண்ணை மூடிவிட்டா. அப்பா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான் முகாமிலேயே கல்யாணம் கட்டினேன், என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே படிக்கிறார்கள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஊருக்கே போய்விடுகிறேன் என்றால் அனுப்பிவைப்பார்கள். அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பிள்ளைகளிடம் வரலாமா என்று கேட்டால் யாரும் உறுதி தரமாட்டார்கள்.

அதனால் எனக்குப் பொறாமை. சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. மோகனப்பிரியா தன் புதுப் பாஸ்போர்ட்டைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து, "பாருங்க மிஸ்" என்று நீட்டினாள். அவள் போட்டோ நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்று முழுக்க அவளோடு என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. கடைசிப் பயிற்சியிலும் அவள் "ஐ வில் கம்" என்றாள். திருத்தாமல் விட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. பிறகு என்மேல் வந்த கோபத்தை அவள்மேல் காட்டி, வாய் வலிக்க வலிக்கச் சரியான வாக்கியத்தைச் சொல்லவைத்தேன்.

நேர்காணல் கம்ப்யூட்டரில் நடந்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இந்தப் பக்கம் நாற்காலியில் கால்வலி நோயாளியாக நான், பக்கத்தில் அடுத்த ஷிப்ட் நர்சாக அவள் வகுப்புத்தோழி ரேவதி. எல்லாவற்றையும் அழகாகச் செய்தாள். முடிவில் எழுந்து, என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தது எங்கே போனதோ, "ஐ வில் கம் மேடம்" என்றாள். போச்சு என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைக்கமாட்டேன்.

திரையிலிருந்தவர் கேட்டார்: "வென்?"

"டுமாரோ மார்னிங் செவன் ஓ க்ளாக் மேடம். டில் தென், ரேவதி இஸ் ஹியர். ஐ வில் டெல் ஹர் அபவுட் யுவர் லெக்."

துளியும் தடுமாறவில்லை. அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது. என் பாடம் தோற்றுப்போனதே என்று எனக்கு எரிச்சல் இல்லை. எப்போது என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒரு நேரம் இருந்ததே, அதுதான் தாங்கவில்லை.

கிளம்புவதற்கு முன் அப்பாவோடு மாடியேறி வந்தாள். கையில் ஸ்வீட் பெட்டி. அவர், வருசம் முழுக்க ரிக்கோடு அலைகிற நானே நோம்பி, பண்டிகைக்கு வந்துவிடுகிறேன், இவள் வராமல் இருப்பாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். "வாரேனுங்க மிஸ்" என்றாள் மோகனப்பிரியா. நான் வேண்டுமென்றே, எப்ப என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் பொங்க நோம்பிக்குங்க மிஸ். லீவு இப்பவே கேட்டுட்டேனுங்க."

நல்லா இரு சாமி என்று அவள் தலையைத் தொட்டேன். பிள்ளைகளைச் 'சாமி' என்று கூப்பிடுவது இந்த ஊர் எனக்குக் கொடுத்தது. மனதார நினைத்துத்தான் சொன்னேன், எரிச்சலும் கூடவே இருந்தது.

அவர்கள் படியிறங்கிப் போனபிறகு, மாடிப்படியில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். மாடு கன்று போட்டதைச் சொன்னார். கீழே ஆரன் அடித்தார்கள், அது என்ன சத்தம் என்று கேட்டார், லாரி என்றேன். முடிக்கும்போது எப்போதும்போல "வாறன் அப்பா" என்றேன். ஆனால் வழக்கம்போல உடனே வைக்கவில்லை. எப்ப என்று அவர் கேட்பார், இன்றைக்காவது கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"ஓம் பிள்ளை" என்றார். வைத்துவிட்டார்.