அரியாங்குப்பத்துக் கேப்டனின் கால்

அந்தச் சுண்ணாம்புக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில், சாரம் பகுதி மைதானத்தில், தட்டு வீசிப் பிடிக்கும் எங்கள் ஃப்ரிஸ்பீ ஆட்டத்துக்கு ஞாயிறுதோறும் நான்தான் கோடு போடுவேன். மருந்துக்கடை வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஆள் சேர்க்கவும் அணி பிரிக்கவுமே சரியாக இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் கோடு பாதி அழிந்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எங்கள் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தட்டைப் பிடித்தவரின் கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று அவரே சொல்ல வேண்டும். உள்ளே என்றால் புள்ளி, வெளியே என்றால் தட்டு எதிரணிக்கு. அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் நின்றவர் சொல்வதே முடிவு, அவர் எதிரணியாக இருந்தாலும்.

இந்த வழக்கத்தை நான் சாமியை நம்புவதுபோல நம்பினேன். அதனால்தான் அரியாங்குப்பத்து அணியின் கேப்டன் என்னைச் சுலபமாக ஏமாற்ற முடிந்தது. வங்கி உத்தியோகஸ்தர், எங்கள் ஞாயிறு ஆட்டத்துக்கும் வருகிறவர், எல்லோரிடமும் இதமாகப் பேசுகிறவர். அந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெயிக்க இரண்டு அணிக்கும் ஒரே ஒரு புள்ளி பாக்கி. பாய்ந்து தட்டைப் பிடித்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் கால் எங்கே ஊன்றியது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். "வெளிய போயிடுச்சும்மா," என்றார் வருத்தமான முகத்தோடு. தட்டைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வீச்சிலேயே அவர்கள் ஜெயித்தார்கள். முடிந்ததும் இரு அணியும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராட்டுவோம். அவர் என் நேர்மையைப் பாராட்டினார். நான் கூச்சத்தோடு சிரித்து வைத்தேன்.

பிறகு டீக்கடையில், நான் பின்னால் நிற்பது தெரியாமல், தன் ஆட்களிடம் சொன்னார்: "கால் உள்ளதாம்ப்பா இருந்துச்சு. சொன்ன உடனே நம்பிடுச்சு, பாவம்."

தோற்றதைக்கூட மறந்திருப்பேன். அந்தப் 'பாவ'த்தை மறக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மன்னிப்பு கேட்பார், கைகுலுக்குவோம், முடிந்துவிடும். எனக்கு அது போதாது. ஒரு வருடம் பொறுத்தேன். வாராவாரம் அவரை நானே மறித்து ஆடினேன். சின்னச் சின்னச் சந்தேகங்களில் எனக்கு எதிராகவே உண்மையைச் சொன்னேன். மெல்ல மெல்ல, கோட்டில் என்ன நடந்தாலும் அவர் கண் என்னைத் தேட ஆரம்பித்தது.

அடுத்த வருட இறுதி ஆட்டத்திலும் தேடியது. கடைசிப் புள்ளி. பாய்ந்து பிடித்து, மண்ணில் கிடந்தபடியே, "உள்ளதானம்மா?" என்றார். அவர் கால் ஊன்றியதைப் பார்த்திருந்தேன். ஒரு சாண் உள்ளே.

"வெளியண்ணே," என்றேன். முகத்தைக்கூட வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

உடனே தட்டைக் கொடுத்தார். நாங்கள் ஜெயித்தோம். வட்டத்தில் உட்கார்ந்ததும், நேர்மையான ஆட்டத்துக்கான பரிசையும் எனக்கே கொடுக்க வேண்டும் என்று அவரே எழுந்து சொன்னார். கை தட்டினார்கள். பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முட்டி வலியோடு இன்னும் ஆட வருகிறார். புதிதாகச் சேர்கிறவர்களிடம் என்னைக் காட்டி, "கோட்டுல சந்தேகம்னா இவங்களக் கேளுங்க. பொய்யே வராது," என்கிறார்.

போன ஞாயிறும் கோட்டோரம் ஒரு தட்டைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோப்பை இல்லை, பரிசு இல்லை, வெறும் காலை ஆட்டம். கால் நன்றாக உள்ளேதான் இருந்தது.

"வெளியண்ணே," என்றேன்.